வைனோவின் ஓட்டையில்லாப் படகு

வைனோ கெரானனுக்குப் பிடிக்காதவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு பனிக்காலம் போதாது. கோடையில் மட்டும் வந்து மீன்களைப் பயமுறுத்திவிட்டுப் போகும் மினியாபொலிஸ் நகரத்துக்காரர்களைப் பிடிக்காது. தேவாலயத்தில் கிதார் வாசிக்கும் புதுப் பாதிரியாரைப் பிடிக்காது. மகள் கட்டிக்கொண்ட ஆளைப் பிடிக்காது. அந்த ஆளின் தாடியைத் தனியாகப் பிடிக்காது. பிடித்த விஷயம் என்று பார்த்தால் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து வேர்ப்பது. அதை விட்டால், பிடிக்காதவற்றைப் பற்றி ஆர்டிஸின் கடையில் உட்கார்ந்து பேசுவது.

ஆர்டிஸ் வைத்திருப்பது தூண்டில் கடை. ஒரு பக்கம் தொட்டியில் மீன்குஞ்சும் டப்பாவில் மண்புழுவும், மறு பக்கம் காப்பி. இரண்டையும் அவள் ஒரே கையால்தான் எடுத்துக் கொடுக்கிறாள் என்பது முழங்கை ஏரியைச் சுற்றிக் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை, காப்பி குடிப்பதற்குத் தவிர.

வைனோ பிறந்ததே சவுனாவில். காட்டை வெட்டிக் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்கள் முதலில் சவுனாவைக் கட்டிவிட்டுத்தான் வீட்டைப் பற்றி யோசித்தார்கள். வெந்நீரும் சுத்தமும் அங்கேதான் என்பதால் பிரசவமும் அங்கேயே. பிறந்த மறுநொடி முகத்தில் ஆவி அடித்தபோது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்பார் லுட்விக் ஸ்க்ராபா.

லுட்விக் யார் என்றால், மேலே சொன்ன பட்டியலில் வைனோ வேண்டுமென்றே சேர்க்காத பெயர். அதற்குத் தனிப் பட்டியல். இருவரும் ஒரே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். வைனோ தாது லாரி ஓட்டினார். ஸ்லோவீனியக் குடும்பத்தில் வந்த லுட்விக் ஷிப்ட் மேஸ்திரி. ஒரு மதியம் லாரியை ஓரங்கட்டி வைனோ கண்ணை மூடியிருந்தார். யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். குறட்டை விட்டு யோசிக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று லுட்விக் மேலிடத்தில் சொல்லிவிட்டார். மறுவாரமே வைனோவைக் கல் உடைக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அந்த இரைச்சலில் இடது காது அங்கேயே போயிற்று. அப்போதிலிருந்து லுட்விக் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வைனோ நாற்காலியைத் திருப்பி இடது காதைத்தான் அவருக்குக் கொடுப்பார்.

இவ்வளவும் போதாதென்று ஓய்வுபெற்றவர்களுக்கான ஏரிக்கரை மனைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தபோது இருவருக்கும் அடுத்தடுத்த மனை விழுந்தது. அந்தக் கரை முழுக்கப் பாறை. நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மணல். எல்லைக் கோடு மிகச் சரியாக அந்த மணலின் நடுவில் ஓடியது. தண்ணீரில் இறங்கவோ படகு இறக்கவோ அதை விட்டால் வழியில்லை.

சனிக்கிழமை மாலைகளில் வைனோ சவுனாவிலிருந்து பிறந்த கோலத்தில் ஆவி பறக்க ஓடிவந்து, அந்த மணல் வழியாக ஏரியில் விழுவார். சரியாக அதே நேரத்தில்தான் லுட்விக் ஜன்னலோரம் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவார். மனைவி இறந்த பிறகு அவருக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு அந்த ஜன்னல். அதில் வாரம் தவறாமல் வைனோவின் பின்புறம். லுட்விக் தன் படகை மணலுக்குக் குறுக்கே கட்டிப் பார்த்தார். வைனோ அதை அவிழ்த்துவிட்டார். படகு எதிர்க்கரைக்குப் போய் இரண்டு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தது. இப்படியே ஆண்டுகள் ஓடின. மணல் முழுசாகத் தனக்கு வேண்டும் என்பது இருவருக்கும் ஒரே ஆசை. வாழ்க்கையில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயமும் அதுதான்.

இந்தப் பக்கத்தில் பனிக்காலம் வந்தால் ஆண்கள் கொட்டகைக்குள் போய்ப் படகு கட்டுவார்கள். பெண்கள் அப்பாடா என்று வீட்டுக்குள் இருப்பார்கள். படகின் வயிற்றை அங்கங்கே குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அந்த உருவத்தில் பலகை அச்சுகளை அறுத்து, கவிழ்த்தபடி வரிசையாக நிறுத்துவார்கள். அவற்றின் மேல் சிடார் மர ரீப்பர்களை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ரீப்பர் விரல் அகலம்தான். நீளம் மட்டும் படகின் நீளம். பசை காயும்வரை அது அசையக் கூடாது. அதற்காக எல்லோரும் ஸ்டேப்பிள் துப்பாக்கியை எடுத்து ஒவ்வோர் அச்சிலும் டக் டக்கென்று அடித்துக்கொண்டே போவார்கள். காய்ந்ததும் பின்னைப் பிடுங்கிவிடலாம். ஓட்டையைப் பிடுங்க முடியாது. மேலே பிசின் பூசியதும் அந்த ஓட்டைகள் கரும்புள்ளிகளாகி, படகைச் சுற்றி வரிசை வரிசையாக நிற்கும்.

லுட்விக் கட்டிய படகும் அப்படிப் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. அவர் அதை ஆர்டிஸின் கடை வாசலில் தொங்கவிட்டிருந்தார். காப்பி குடிக்க வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். வைனோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று.

"படகு நல்லாத்தான் இருக்கு. அம்மை எப்ப இறங்குச்சு?"

கடை சிரித்த சிரிப்பில் தொட்டியிலிருந்த மீன்குஞ்சுகள் கலைந்தன. லுட்விக்கின் கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல மேலே ஏறியது. ஓட்டை இல்லாமல் ஒரு படகைக் கட்டிக் காட்டு, பிறகு பேசு என்றார். கட்டிக் காட்டினால் என்ன தருவாய் என்றார் வைனோ. மணல் என்றார் லுட்விக். கட்டினால் மணல் முழுக்க வைனோவுக்கு. கட்டாவிட்டால் முழுக்க லுட்விக்குக்கு. தோற்றவன் அதில் கால் வைக்கக் கூடாது.

இந்த இடத்தில் வைனோ கையைக் கொடுத்துவிட்டுக் காப்பியைக் குடித்திருக்கலாம். அவருடைய வாய் அப்படிப்பட்ட வாய் அல்ல.

"கட்டுறேன். தனியாவே கட்டுறேன். ஒருத்தன் கை அதுல படாது."

தனியாக என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அவரே போனால் போகிறதென்று சேர்த்துக் கொடுத்தார். ஆர்டிஸ் நடுவராக இருந்து கெடு வைத்தாள். ஒவ்வோர் ஆண்டும் ஏரி உறைந்ததும் அவள் ஒரு பழைய மரக் கழிப்பறையைக் கயிறு கட்டி ஏரி நடுவில் நிறுத்திவைப்பாள். வசந்தத்தில் ஐஸ் இளகி அது தண்ணீருக்குள் சாயும் நாள்தான் முழங்கை ஏரிக்குப் புத்தாண்டு. அது சாய்வதற்குள் வைனோவின் படகில் கடைசி ரீப்பர் ஏறியிருக்க வேண்டும் என்றாள்.

ஸ்டேப்பிள் இல்லாமல் கட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பின் வெறும் பின் இல்லை, அது இன்னோர் ஆள். நீங்கள் இந்த முனையில் ரீப்பரைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற, காப்பி கேட்காத, கருத்துச் சொல்லாத ஆள். அவனை வேண்டாம் என்றவனுக்கு அசல் ஆள் ஒருவன் வேண்டும். உலகத்தில் ஓர் ஆளைக்கூடச் சகிக்க முடியாத மனிதர் எடுத்துக்கொண்ட வேலை இது.

முதலில் மறுமுனையைப் பிடித்தது மனைவி லெம்பி. வைனோவோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் என்பதைத் தவிர அவளுடைய பொறுமைக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. படகின் பக்கச் சுவர்கள் அவள் பிடித்ததில்தான் எழும்பின. லுட்விக் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆட்சேபிக்கவில்லை. ஆமாம், அவர் தினமும் வந்தார். வைனோ ஸ்டேப்பிள் அடிக்கிறாரா என்று கண்காணிக்கப் பந்தயக்காரனுக்கு உரிமை உண்டு என்று ஆர்டிஸ் சொல்லியிருந்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சுரங்கத்தில் பார்த்த அதே பார்வையைப் பார்ப்பார். வைனோ இடது காதைத் திருப்பிவைத்துக்கொண்டு வேலை செய்வார்.

ஒரு நாள் லெம்பியின் கையில் ரீப்பர் கொஞ்சம் நழுவியது. உனக்கு மரமும் தெரியாது, கையும் தெரியாது, பிடி என்றால் பிடிக்கக்கூடத் தெரியாது என்று வைனோ தொடங்கினார். லெம்பி வளைந்து விறைப்பாக இருந்த ரீப்பரை அப்படியே விட்டாள். அது துள்ளி எழுந்து வைனோவின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவள், சிறிது நேரத்தில் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து லுட்விக்குக்குக் கொடுத்தாள். நல்ல கோப்பையில். வைனோவுக்கு இல்லை.

"ரொம்ப நன்றி, லெம்பி. நீங்க ஏன் சிரமப்படறீங்க" என்றார் லுட்விக். அந்த 'நீங்க' வைனோவைக் கன்னத்து அடியைவிட அதிகமாக எரித்தது.

அதன்பின் தனியாக. சுவர் நேராக இருந்தவரை கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், ஆப்பு, சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் என்று ஒப்பேற்றினார். படகின் வயிறு அடிப்பக்கம் திரும்பும் இடத்தில்தான் ஆட்டம் தொடங்கியது. அங்கே ரீப்பர் வளைவதோடு முறுக்கவும் வேண்டும். இந்த முனையை முறுக்கி அடக்கினால் அந்த முனை எகிறும். அந்த முனைக்கு ஓடினால் இந்த முனை எகிறும். ஒரு மதியம் முழுக்க வைனோ கொட்டகைக்குள் இப்படி ஓடினார். லுட்விக் வாளியின் மேல் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டே பார்த்தார். மூன்றாவது ரீப்பர் முறிந்தபோது தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மறுமுனைக்குப் போய் அடுத்த ரீப்பரைப் பிடித்தார்.

கையை எடு என்றார் வைனோ. லுட்விக் எடுக்கவில்லை.

"இப்பவே ஒடஞ்சு போனா எனக்கென்னடா சுகம்? முழுசாக் கட்டு. கட்டி முடிக்கறப்ப ஒடையணும். அதைப் பாக்கத்தான் வர்றேன்."

வைனோவுக்கு இது புரிந்தது. இரக்கப்பட்டு வந்திருந்தால் சுத்தியலை வீசியிருப்பார். வெறுப்பினால் என்றபோது அதில் ஒரு நியாயம் இருந்தது. சற்று யோசித்துவிட்டு, நீ ஆள் இல்லை, கிளாம்ப், நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன் என்றார். எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றார் லுட்விக்.

பனி கூரையளவு ஏறிய அந்த வாரங்களில் முழங்கை ஏரிக்கரையில் நடந்ததை நட்பு என்று யாராவது நினைத்தால் அவர்கள் அந்தக் கொட்டகைக்குள் போயிருக்கவில்லை என்று அர்த்தம். லுட்விக் வேண்டுமென்றே ஒரு நூல் கூடுதலாக முறுக்குவார்; வைனோவின் மணிக்கட்டு கதறும். வைனோ வேண்டுமென்றே பசையை அதிகமாகத் தடவுவார். அது மறுமுனைக்கு வழிந்து லுட்விக்கின் முழங்கை மயிரோடு காயும். திட்டுவதற்குத் தவிர வாய் திறக்கவில்லை. இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு படகு நீளம் இருந்தது. ஆனால் ரீப்பர்கள் ஏறின. ஒன்றின் குழிவான விளிம்பில் அடுத்ததன் உருண்டை விளிம்பு போய் உட்காரும்போது மெல்லிய ஒரு சத்தம் வரும். அது வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விடுவார்கள். பிறகு அதற்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள்.

மார்ச் மாதக் கடைசியில், அடிப்பக்கம் கிட்டத்தட்ட மூடிவிட்ட நிலையில், வைனோ ஆர்டிஸின் கடைக்கு வந்தார். முகத்தில் இருந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. கோபம் லீவில் போயிருந்தது. கடைசி ரீப்பருக்கு விஸ்கி வாங்கியாயிற்றா என்று ஆர்டிஸ் கேட்டாள். கடைசி ரீப்பர் ஏறும்போது படகின் மேல் ஒரு வாய் ஊற்றி, கட்டியவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடிப்பது இங்கே வழக்கம். படகில் கை வைத்தவன்தான் குடிக்கலாம். சும்மா பார்த்தவன் குடித்தால் படகு கசியும். அதனால் எத்தனை கிளாஸ் என்பது முக்கியமான கேள்வி. ஒரே ஒரு கிளாஸ் என்றார் வைனோ.

மூலையிலிருந்து லுட்விக் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் ஒண்ணு எடுத்து வை, ஆர்டிஸ். பாதிப் படகு என் கையில வளந்தது."

மண்புழு நெளிவது கேட்கும் அளவுக்குக் கடை அடங்கியது. வைனோவின் நல்ல காது அன்று தவறுதலாக லுட்விக் பக்கம் இருந்தது. கேட்காத மாதிரி இருக்கவும் வழியில்லை.

இது முதல் நாளே போட்ட திட்டமா, அந்த நிமிஷம் வாயில் வந்ததா என்று ஏரிக்கரையில் இன்றும் இரண்டு கட்சி. லுட்விக்கைக் கேட்டால் கேட்பவர் எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். எப்படியானாலும் விஷயம் எல்லோருக்கும் உறைத்துவிட்டது. உதவி செய்தே ஒருவனைத் தோற்கடிக்கலாம் என்று அந்தக் கடையில் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

வைனோ தன் வாதத்தை எடுத்து வைத்தார். லுட்விக் ஆள் கிடையாது, கிளாம்ப். அவனே ஒத்துக்கொண்டான்.

"ஏன் வைனோ, கிளாம்ப் ஏலக்காய் ரொட்டி திங்குமா? காப்பில தொட்டு?" என்றாள் ஆர்டிஸ்.

சிரிப்பு அடங்கியதும் தீர்ப்பைச் சொன்னாள். தனியாக என்றது வைனோவின் சொந்த வாய். படகு இப்போது நிற்கிற நிலையில் அது தனியாள் கட்டிய படகு அல்ல. ஆனால் கழிப்பறை இன்னும் ஐஸில் நிமிர்ந்துதான் நிற்கிறது. அது சாயும்வரை நேரம் இருக்கிறது, என்ன செய்வாரோ செய்யட்டும். அப்படியானால் லெம்பி பிடித்த பக்கச் சுவர் என்ன கணக்கு என்று யாரோ கேட்டார்கள். பெருந்தன்மையாக லுட்விக் கையை ஆட்டினார். மனைவி பிடித்ததை எல்லாம் சேர்க்க வேண்டாம் என்றார். மனைவி எப்படி ஆள் கணக்கில் வருவாள் என்று வைனோவும் உடனே ஆமோதித்தார். மணலுக்கு அடுத்தபடியாக அவர்கள் ஒத்துப்போனது இதில்தான். வைனோ வீடு போய்ச் சேருவதற்குள் இது லெம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று பிற்பகல் லுட்விக் தன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த கொட்டகையில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. கத்தியைக் கையில் வைத்தபடியே ஓடினார். வைனோ படகின் அடிவயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். லுட்விக்கின் கை பட்ட முதல் ரீப்பர் எது என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஒட்டினாற்போல, இரண்டு ரீப்பர் சேரும் கோட்டைப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை.

லுட்விக் வாசலிலிருந்தே கத்தினார். "பைத்தியக்காரா, நல்ல ரீப்பர்டா அது. அந்த வளைவு மறுபடி வருமா?"

"உன் கை பட்டதெல்லாம் அடுப்புக்கு."

அப்படியே செய்தார். அந்தச் சனிக்கிழமை சவுனா அடுப்பில் எரிந்தது முழுக்க அந்த ரீப்பர்கள்தான். சிடார் மணம் ஏரிக்கரை முழுக்கப் பரவியது. மேல் படியில் உட்கார்ந்து வைனோ அடுப்பில் காய்ந்த கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆவியைக் கிளப்பினார். அதைவிட நல்ல சவுனா தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று பிறகு சொன்னார். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடப்பட்டது. மூடினால் மட்டும் மணம் நின்றுவிடுமா என்ன.

இனி நிஜமாகவே தனியாக. ஏரிக்கரைக் கற்களைக் காலுறைக்குள் போட்டுக் கயிற்றின் இரு முனையிலும் கட்டி, படகின் முதுகில் குறுக்காகப் போட்டால் அந்தப் பாரம் ரீப்பரை அழுத்திப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். நிறையக் காலுறை வேண்டியிருந்தது. லெம்பியிடம் பழைய நைலான் காலுறைகளைக் கேட்டார். அவள் பின்னிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான்தான் ஆள் கணக்குலயே இல்லையே. என் காலு மட்டும் எப்படிக் கணக்குல வந்துச்சு?"

வைனோ தன் கம்பளிக் காலுறைகள் அத்தனையையும் கல்லுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலை செய்தார். முறுக்கும் இடங்களில் ஒரு முனையை ஆப்பு வைத்து இறுக்கி, உடம்பால் அழுத்திக்கொண்டே மறு முனைக்கு நகர்ந்து, பசை பிடிக்கும்வரை அதன்மேல் படுத்தே கிடந்தார். லுட்விக்கோடு ஒரு நாளில் மூன்று ஏறிய இடத்தில் இப்போது ஒன்று ஏறியது. சில நாள் அதுவும் இல்லை. லுட்விக் வந்து வாளியில் உட்காருவதை நிறுத்தவில்லை. ஒரு ரீப்பர் எகிறத் தொடங்கியபோது அவர் கை தானாக முன்னால் நீண்டது. வைனோ ரம்பத்தைத் தூக்கிக் காட்டினார். கை திரும்பிப் போனது.

ஏப்ரலில் வெயில் வந்தது. அந்த ஏரிக்கரையில் அந்த ஆண்டு வெயிலைத் திட்டியவர் ஒருவர்தான். ஐஸ் கறுத்தது, ஓரங்களில் தண்ணீர் தெரிந்தது. ஒரு மத்தியானம் கழிப்பறை மரியாதையாக ஒரு பக்கம் சாய்ந்து, கதவு திறந்து, உள்ளே போயிற்று. கடையிலிருந்து எழுந்த கூச்சல் எதிர்க்கரைவரை கேட்டது. வைனோவுக்குக் கேட்கவில்லை. படகின் மேல் குப்புறப் படுத்து, நல்ல காதை மரத்தில் வைத்திருந்தார்.

லுட்விக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அடிப்பக்கத்தில் ஒரு கையகலத்துக்குத்தான் இடைவெளி பாக்கி இருந்தது. அதன் வழியே உள்ளே அச்சுகள் விலா எலும்பு போல் தெரிந்தன.

"கழிப்பறை போயிருச்சு" என்றார்.

வைனோ எழவில்லை. "மணல் உன்னுது. கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் வந்தா பசை காயாது."

படகு ஜூனில் முடிந்தது. தோற்ற படகை முடிப்பானேன் என்று பலரும் கேட்டார்கள். வைனோ வழவழவென்று உப்புத்தாள் போட்டு, பிசின் பூசி, வெயிலில் கவிழ்த்துவைத்தார். தேன் நிறம். ஒரு புள்ளி இல்லை. கோடைக்கு வந்த மினியாபொலிஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். வைனோ அவர்களை அதட்டி அனுப்பினார். லுட்விக்கும் வந்தார். பூதக்கண்ணாடியோடு. முன்முனையிலிருந்து பின்முனைவரை குனிந்து குனிந்து தேடினார். பிறகு கண்ணாடியைப் பையில் போட்டுவிட்டு உள்ளங்கையை அடிவயிற்றின் மேல் ஒருமுறை ஓட்டினார். வீட்டுக்குப் போனார்.

மணலில் இப்போது லுட்விக் நாற்காலி போட்டிருந்தார். நடுவில், முன்பு எல்லைக் கோடு ஓடிய இடத்தில். வாரம் ஒருமுறை லெம்பி கந்தல் துணியில் நெய்த தன் தரைவிரிப்புகளைத் தூக்கிக்கொண்டு அங்கே துவைக்க வருவாள். பந்தயம் வைனோவுக்குத்தானே, ஆள் கணக்கில் வராதவளுக்கு என்ன தடை என்று அவளே கேட்டு அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். லுட்விக் அவளுக்குத் தண்ணீர் வாளி எடுத்துக் கொடுத்தார், 'நீங்க' போட்டு. சனிக்கிழமைகளில் வைனோ சவுனாவிலிருந்து வெளியே வந்து, பாறைகளின் மேல் நண்டு மாதிரி தவழ்ந்து தண்ணீருக்குப் போனார். ஜன்னலில் இந்தக் காட்சி முன்பைவிட நீளமாகத் தெரிந்தது.

படகையும் அவர் பாறை வழியாகத்தான் இறக்கினார். தூக்கி இறக்க இன்னோர் ஆள் வேண்டும் என்பதால் இழுத்தார். அந்த வழவழப்பான வயிறு கருங்கல்லின் மேல் கரகரவென்று தேய்ந்து இறங்கும் சத்தம் கேட்டதும், விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்த லெம்பி கண்ணை மூடிக்கொண்டாள். லுட்விக் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"டேய், மணல் வழியா எறக்குடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ ஏன் சொல்லணும்? நான் தோத்தவன். எனக்குப் பாறைதான்."

"படகு போயிரும்டா."

"என் படகு."

மறுநாள் பாறைகளின் மேல் யாரோ வழுக்குக் கழிகள் பரப்பி வைத்திருந்தார்கள், படகு உரசாமல் இறங்க. வைனோ அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். அவை மிதந்து போய் மணலில் ஒதுங்கின. பிறகு படகைப் பாறையில் இழுத்தார். முதல் கீறல் நூல் மாதிரி இருந்தது. வார முடிவில் சுண்டு விரல் நகம் நுழைகிற ஆழத்துக்கு ஒன்று விழுந்திருந்தது. அதைத் தடவிப் பார்க்கும்போது வைனோவின் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அவர் முதுகைத்தான் கரைக்குக் காட்டுவார்.

லுட்விக் அந்த உரசல் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் காலையில் ஜன்னலைச் சாத்திவைக்கத் தொடங்கினார். அதை வைனோ முதல் நாளே கவனித்துவிட்டார். அதற்கடுத்த நாள் படகைப் பாறை விளிம்பில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. லெம்பி காப்பிக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. உள்ளே புழுக்கம் தாங்காமல் லுட்விக் ஜன்னலைத் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு கரகரவென்று இழுத்தார்.